தேங்காய் பிடித்த கை

தம்போய்,
ஜொகூர் பாரு, மலேசியா
9 பிப்ரவரி 2025

அப்பா,

காரை ஓட்டியது நீங்கள் இல்லை. லக்ஷ்மன் அண்ணன் ஓட்டினான். அம்மா செத்தது அவன் மிதித்த மிதியில். கோர்ட்டில் நீங்கள் சொன்னது பொய்.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். நலமா? சர்க்கரை மாத்திரை தருகிறார்களா? நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். என் நலம் அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேன். இரண்டு பஸ் மாறி வந்து, பாரம் எழுதிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டார். அதனால்தான் கடிதம்.

தை முதல் நாள் காலையில் நான் சிங்கப்பூரில் ஃபேக்டரிக்குள் இருந்தேன். கைப்பேசி லாக்கரில். டாக்டர் சோமசேகரம் தன் மகன் லக்ஷ்மன் அண்ணனுக்கு வாங்கிய மின்சாரக் காருக்கு அன்று கோவிலில் பூஜை என்று மட்டும் தெரியும். மார்கழியில் வந்த வண்டி, தை பிறக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். டிரைவர் என்று நீங்கள் போனீர்கள். அவர்கள் வீட்டில் சமைப்பதால் தாம்பாளம் தூக்க அம்மாவும் போனார். மாலை ஏழு மணிக்கு லாக்கரைத் திறந்தபோது முப்பத்தொரு மிஸ்டு கால்.

சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை எடுத்தேன், என் மனைவி செல்லம் குனிந்ததைக் கவனிக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னீர்கள். பதினெட்டு மாதம் கொடுத்தார். விலங்கு மாட்டக் கையைத் திருப்பினார்கள். அப்போதுதான் பார்த்தேன். வலது உள்ளங்கை நடுவில் ஐம்பது சென் காசு அகலத்துக்குத் தீப்புண். சாவு வீட்டில் அதில் கைக்குட்டை சுற்றியிருந்தீர்கள்.

டாக்டர் வீட்டில் பத்தொன்பது வருஷம். வாங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் தேங்காய் மேல் சூடம் ஏற்றி, சுற்றி, உடைத்தது நீங்கள். ஸ்டீயரிங் பிடித்தவன் உள்ளங்கையில் சூடம் விழாது, அப்பா.

பதில் எழுதுங்கள். உடம்பைப் பாருங்கள்.

பிரவீனா

*

3 மார்ச் 2025

என் அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது.

முருகன் கிருபையில் நான் நலம். நீ அங்கே நலமாக இருக்கத் தினமும் வேண்டுகிறேன். உன் கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆகிவிட்டது. தமிழ்க் கடிதம் என்றால் இங்கே படித்துப் பார்க்க ஆள் வர வேண்டும். அதனால் தாமதம் என்று கோபித்துக் கொள்ளாதே.

கையில் இருப்பது ஒன்றும் இல்லை. பொங்கல் அன்று அம்மா பானையை இறக்கச் சொன்னாள், துணி வைக்காமல் பிடித்துவிட்டேன். ஆறிவிட்டது.

இங்கே என்னோடு பதினோரு பேர். நான் உள்ளே வரக் காரணமான கார் என்ன கார் என்று தெரிந்ததும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் லாரி ஓட்டியவன். அவனுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஆசை தீரவில்லை. கியர் கிடையாது, எண்ணெய் மாற்ற வேண்டாம், போர்ச்சிலேயே சுவரில் சொருகி வைத்தால் விடிவதற்குள் நிறைந்துவிடும் என்றேன். கதவுக்குக் கைப்பிடி உள்ளே பதுங்கிக் கிடக்கும், சொந்தக்காரன் பக்கத்தில் போனால்தான் வெளியே வரும் என்றேன். சிரித்தான். ஒரே ஒரு தடவை போர்ச்சுக்குள் நகர்த்தியிருக்கிறேன். செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் வீட்டுப் பக்கம் கோபத்தோடு போகாதே. அவர்கள் உப்பைத் தின்றவர்கள் நாம். பார்க்க வரவும் வேண்டாம், தூரம். ராத்திரி சோறு சாப்பிடு, மெகி நூடுல்ஸ் தின்று படுக்காதே.

அப்பா
தங்கராஜு

*

தம்போய்,
9 மார்ச் 2025

அப்பா,

நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். நானும் நலம் என்று நீங்களும் நம்பிக்கொள்ளுங்கள்.

எந்தப் பானை? பொங்கலுக்கு முதல் நாள் இரவே நம் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா விடிவதற்கு முன்பே டாக்டர் வீட்டுக்குப் போய் அவர்கள் பொங்கலை வைத்தார். நம் அடுப்பு அன்று எரியவே இல்லை. இன்னும் அந்தக் காலி சிலிண்டர்தான் அப்படியே இருக்கிறது.

போன வாரம் கோவிலுக்குப் போனேன். அன்று அங்கே முப்பது பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவராவது பார்த்திருக்க வேண்டுமே. எல்லாரும் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஐயர், “நான் கண்ண மூடி மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்தேம்மா” என்றார். கமிட்டித் தலைவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவர் தலைக்கு மேலே புதுக் கூரை. அதைப் போட்டுக் கொடுத்த உபயதாரர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும்.

வாசலில் பூக் கட்டும் கருப்பாயி அக்காவை விடவில்லை. காலையில் போனவள் நடை சாத்தும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாரை அறுத்துக்கொண்டே சொன்னார்: “நீ பஸ் ஏறி சிங்கப்பூர் போயிருவ. நான் நாளைக்கும் இங்கதான் பூக் கட்டணும். என்னய இழுக்காத.” எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். “உங்கப்பா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு கத்துனாரு. அத எல்லாரும் கேட்டோம்.”

கத்தினால் என்ன? பெண்டாட்டி செத்தால் எந்த ஆள்தான் அப்படிக் கத்தாமல் இருப்பான்? அதை யார் எழுதி வாங்கியது?

டாக்டருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதுவதற்குள் போட்டுவிட்டேன்.

மருந்து மறக்காதீர்கள்.

பிரவீனா

*

ஜொகூர் பாரு,
21 மார்ச் 2025

அன்புள்ள பிள்ளை பிரவீனாவுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் சுகம். உமது சுகமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். உமது கடிதம் கிடைத்தது. அதிலிருந்த சொற்களை உமது துக்கத்தின் சொற்களாகவே எடுத்துக்கொண்டேன். செல்லம் எங்கள் வீட்டில் ஒருத்தி. என் மனைவி நிர்மலாதேவி இன்னும் சமையலறைக்குள் போக மனமில்லாமல் இருக்கிறா.

காரில் கோளாறு இருந்ததா, அதை நாங்கள் மறைக்கிறோமா என்று கேட்டிருந்தீர். இல்லை. பலரும் இப்போது மின்சாரக் கார் பற்றி எதையாவது கேட்டுவிட்டுப் பயப்படுகிறார்கள். வெள்ளம் வந்தால் பழுது, பெட்டரி போனால் இன்னொரு கார் வாங்கும் செலவு, கோத்தா திங்கிப் பக்கம் போனால் சார்ஜ் ஏற்ற இடமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் ஆறு மாதம் விசாரித்துத்தான் வாங்கினேன். புகை இல்லை, சத்தம் இல்லை, காலை வைத்தால் பறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாப்பு. நாலு பக்கமும் கமரா. முன்னால் நடப்பதை யாரும் சொல்லாமலே அது பதிந்து வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வாகனத்தில் பிழை நேர்ந்தால் அது மனிதப் பிழையாகத்தான் இருக்கும். தங்கராஜு அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். முப்பது பேர் முன்னிலையில் தன் வாயாலேயே சொன்னார்.

லக்ஷ்மனுக்குப் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி முடிய இன்னும் சில மாதங்கள். அவனை இதில் இழுக்க வேண்டாம் என்று ஒரு தகப்பனாகக் கேட்டுக்கொள்கிறேன். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது உமக்கும் கஷ்டம். எங்கள் கிளினிக் கவுண்டரில் இடம் இருக்கிறது. யோசித்துச் சொல்லும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
சோமசேகரம்

*

தம்போய்,
30 மார்ச் 2025

அப்பா,

நலமா? கை எப்படி இருக்கிறது? முதலில் கையைப் பற்றி எழுதுங்கள்.

டாக்டர் பதில் போட்டிருக்கிறார். கிளினிக்கில் வேலை தருகிறாராம். அம்மாவுக்குப் பதிலாக நான், அடுப்புக்குப் பதிலாகக் கவுண்டர். கடிதத்தை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். எறியவில்லை, காரணம் அதில் ஒரு வரி இருக்கிறது. முன்னால் நடப்பதை அந்தக் கார் தானாகவே பதிந்து வைக்கும் என்று பெருமைக்கு எழுதியிருக்கிறார். எழுதுகிறவருக்கே தெரியவில்லை, என்ன எழுதுகிறோம் என்று.

கேமரா முன்னால் பார்க்கிறது. நீங்கள் முன்னால் நின்றீர்கள், கையில் தேங்காயோடு. அந்தக் கார் உங்களைப் பார்த்திருக்கிறது, அப்பா.

சட்ட உதவி மையத்தில் லோஷினி என்று ஒரு வக்கீல். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒரு காசு வாங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் யாரு போய் கேமராவப் பாக்கப் போறா?” என்றார். வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மேல் கோர்ட்டில் கேட்கலாம், கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை என்றார். மூன்று வேண்டும். கேமராப் பதிவு. அதைக் கார்க்காரன் தன் கைப்பேசியில் இருந்துதான் எடுக்க முடியும். இரண்டாவது, உள்ளங்கைப் புண்ணைப் பற்றி அங்கே இருக்கிற மருத்துவர் எழுதித் தரும் குறிப்பு. சூட்டுப்புண், இன்ன இடத்தில், இத்தனை நாள் ஆனது என்று. மூன்றாவது, நடந்ததைச் சொல்லி நீங்கள் போடும் கையெழுத்து.

முதலாவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் இப்போதைக்குக் கேட்பது இரண்டாவதை மட்டும். கையை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிப்போவதற்குள் காட்டுங்கள்.

பிரவீனா

*

5 மே 2025

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கை ஆறிவிட்டது. காட்ட ஒன்றும் இல்லை. இதை விட்டுவிடு. பதினெட்டு மாதத்தில் நல்ல நடத்தைக்குக் கழித்தால் பன்னிரண்டுதான் வரும். அதில் மூன்று போய்விட்டது. லோஷினி நல்ல பிள்ளையாக இருப்பாள், அவளிடம் மரியாதையாக நடந்துகொள்.

அம்மா படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாயா?

அப்பா

*

தம்போய்,
11 மே 2025

அப்பா,

நலம் என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். ஏழு வரி எழுத ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. அந்த ஏழு வரியும் உங்கள் எழுத்து இல்லை. உங்கள் எழுத்து வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் விழுந்து கிடக்கிறது. துணைக்கால் இழுக்கும் இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. கடைசி வரி படிக்கவே முடியவில்லை, ‘பூ’ என்பதை வைத்துப் புரிந்துகொண்டேன். யாரை வைத்து எழுதினீர்கள்? ஏன் நீங்கள் எழுதவில்லை?

திரும்பவும் வந்தேன். திரும்பவும் பார்க்க விருப்பம் இல்லை என்றார்கள்.

லக்ஷ்மன் அண்ணனைத் தேடி டாக்டர் வீட்டுக்குப் போனேன். கேட் திறக்கவில்லை. நிர்மலாதேவி ஆன்ட்டி கம்பி வழியாகப் பேசினார். “லக்ஷ்மன் தூங்குறான். டியூட்டி முடிஞ்சு வந்தவன். நீ போ பிள்ளை.” போர்ச்சில் கார் நின்றது. கழுவித் துடைத்து, சுவரில் சொருகியிருந்தது. பச்சை விளக்கு மெதுவாக எரிந்து அணைந்துகொண்டிருந்தது, தூங்குகிறவன் மூச்சு மாதிரி. அம்மா மேல் ஏறின சக்கரம் எது என்று பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன.

என்ன கொடுத்தார்கள், அப்பா? பணமா? இருந்தால் இத்தனை நாளில் தெரிந்திருக்கும். மிரட்டினார்களா? அதுவும் இல்லை என்றால், பத்தொன்பது வருஷம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பழக்கமா? இந்தக் கதவையும் அப்படித்தான் திறந்துவிட்டு உள்ளே போனீர்களா? அம்மாவை எதற்கு விற்றீர்கள்?

எழுதியதை அடிக்க மாட்டேன். பதில் வேண்டும்.

பிரவீனா

*

29 ஜூன் 2025

பிரவீனா,

நலம் என்று எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத ஒன்பது நாள் ஆனது. நானே எழுதுகிறேன். போன கடிதமும் நானே எழுதியதுதான், இடது கையால். வலது கை இப்போது மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. சர்க்கரைக்காரன் புண், உனக்குத் தெரியும். முதலில் இரண்டு விரல், பிறகு கை. இங்கே இருப்பவர்களைக் குறை சொல்லாதே. தெரிந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்தான் மறைத்தேன். வரிசையில் நிற்கும்போது கையை மூடிக்கொள்வேன். நாற்றம் வந்த பிறகுதான் பக்கத்தில் படுத்தவன் போய்ச் சொன்னான். காட்டியிருந்தால் எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். நீ கேட்டதைத்தான் அவர்களும் கேட்பார்கள். உன்னைப் பார்க்காமல் இருந்ததும் அதற்காகத்தான்.

உன் அம்மாவை நான் விற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

லக்ஷ்மன் தம்பி உள்ளே உட்கார்ந்தது. நான் இடது பக்க முன் சக்கரத்துக்கு அருகே தேங்காயோடு நின்றேன். மூன்று சுற்று சுற்றிவிட்டேன், உடைக்க வேண்டியதுதான் பாக்கி. இடது சக்கரத்துப் பழம் உருண்டு தள்ளிப் போய்விட்டது. என் கையில் சூடம் எரிகிறது, குனிய முடியாது. அம்மா தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்றாள். “செல்லம், பழம் உருண்டுருச்சு பாரு, சரியா வை” என்றேன். அவள் காரைப் பார்த்தாள். “எடுத்துறப் போறாங்க” என்றாள். நான், “வண்டி இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, போய் வை” என்றேன்.

முப்பத்திரண்டு வருஷம் டீசல் வண்டி ஓட்டின காது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்றால் வண்டி நிற்கிறது என்றுதான் அர்த்தம். அந்தக் காருக்குச் சத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காது தேடியது, கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். அவள் என் பேச்சை நம்பிக் குனிந்தாள். ஐயர் மணி அடித்தார். தம்பி காலை வைத்தது. அந்தக் கார் தயங்காது.

தேங்காய் சாய்ந்து சூடம் கையில் விழுந்தது எப்போது என்று தெரியாது. சுடவில்லை.

நான்தான் கொன்றேன் என்று கத்தியது ஒப்பாரி இல்லை. உண்மை அது. அன்று மாலை டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “போனது ஒரு உயிர். குனியச் சொன்னது நீர். இன்னொரு வாழ்க்கையும் போக வேணுமா, தங்கராஜு?” என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் இருந்து நான்தான் ஏற்றி இறக்கினேன். எனக்குத் தண்டனை வேண்டியிருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சொல், யாரைக் குற்றம் சொல்லப் போகிறாய்?

உன் அப்பா

*

தம்போய்,
6 ஜூலை 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை ஃபேக்டரி பஸ்ஸில் படித்தேன். பாலத்தில் இரண்டு மணி நேரம் நெரிசல். நான் அழுததைப் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கம் என்று நினைத்தார்கள்.

விற்றீர்கள் என்று எழுதியதற்கு மன்னிப்பு. மற்றதற்கு இல்லை.

நேற்று பேரங்காடிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் இருக்கிறது. அதே கார் ஒன்று நின்றது, வெள்ளை. சொந்தக்காரி ஒரு சீனப் பெண்மணி. எனக்கு ஒரு உதவி வேண்டும், நான் முன் சக்கரத்துப் பக்கம் கண்ணை மூடி நிற்கிறேன், நீங்கள் ஏறி உட்கார்ந்து காரை ஸ்டார்ட் போடுங்கள், நகர்த்த வேண்டாம் என்று மலாயில் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் செய்தார். நின்றேன். மேலே குளிர்சாதனக் குழாய் இரைந்தது. யாரோ தள்ளுவண்டி தள்ளினார்கள். காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறக்காமலே “சுடா ஹிடூப்?”, போட்டாச்சா என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி, “லாமா சுடா லா” என்றார். போட்டு நெடுநேரம் ஆகிவிட்டதாம்.

நான் டீசல் வண்டி ஓட்டியவள் இல்லை. எனக்கு முப்பத்திரண்டு வருஷக் காது இல்லை. எனக்கும் கேட்கவில்லை, அப்பா. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

வண்டி போட்டிருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒரே ஒருவன். அவன் உள்ளே இருந்தான். அவன் எதிரே பெரிய திரை இருந்தது. போட்டாச்சு என்று அவன் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். முன்னால் நிற்பவர்கள் விலகினார்களா என்று பார்த்திருக்கலாம். அவன் பார்க்காததற்கு உங்கள் கை போனது.

டாக்டர் உங்களிடம் எடுத்தது உங்கள் அழுகையை. அதை மடித்து மகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது தண்டனை இல்லை. திருட்டு.

லோஷினியிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். பிறகு, “புண்ண வச்சுத்தான் நெனச்சிருந்தேன்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, குறிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சர்க்கரைப் புண், அழுகல் என்றுதான் இருக்கிறதாம். சூடு என்ற சொல் எங்கும் இல்லை. நீங்கள் சொல்லவில்லை, அவர்கள் எழுதவில்லை. இனிமேல் பார்க்கக் கையும் இல்லை.

இரண்டு மீதி. கேமரா, உங்கள் கையெழுத்து. போடுங்கள். எனக்காக வேண்டாம். அம்மா உங்கள் பேச்சை நம்பிக் குனிந்தார் என்றால், அந்தப் பேச்சையாவது கோர்ட்டில் முழுதாகச் சொல்லுங்கள்.

என்னைப் பார்க்கச் சம்மதியுங்கள். கையைப் பார்க்க மாட்டேன், முகத்தைத்தான் பார்ப்பேன்.

பிரவீனா

*

10 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தச் சீனப் பெண்மணிக்குக் கடவுள் நல்லது செய்யட்டும்.

லோஷினி வந்தாள். எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துக் காட்டினாள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டில் ஏற்கெனவே போட்ட கையெழுத்தோடு இது ஒத்துப்போகாது, அதனால் பெருவிரல் ரேகையும் வேண்டும் என்றாள். இடது பெருவிரலை வைத்தேன். பழைய பத்திரத்தில் எல்லாம் வலது ரேகை. சமாளிக்கலாம் என்றாள். முகத்தைப் பார்த்தால் சமாளிக்க முடியும் என்று தோன்றவில்லை. பெண்டாட்டியைக் கொன்றவன் ஜெயிலில் உட்கார்ந்து பேச்சை மாற்றுகிறான் என்றுதானே சொல்வார்கள்? கேமராப் பதிவு இல்லாமல் இது வெறும் காகிதம் என்று அவளும் சொன்னாள்.

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. காலிலும் சின்னதாக ஒன்று. இந்தத் தடவை உடனே காட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் வா. பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். லக்ஷ்மன் தம்பியிடம் கேட்பதாக இருந்தால் மரியாதையாகக் கேள். சின்னதில் இருந்தே பயந்த பிள்ளை. கேட்டால் கொடுத்துவிடும்.

அப்பா

*

தம்போய்,
21 செப்டம்பர் 2025

லக்ஷ்மன்,

நலமா? எங்கள் வீட்டில் கடிதத்தை அப்படித்தான் தொடங்குவோம். பயிற்சி முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இனி முழு டாக்டர்.

இது மூன்றாவது பதிவுத் தபால். முதல் இரண்டும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெற்றுக்கொண்ட சீட்டில் ஒன்றில் உன் அம்மா கையெழுத்து, ஒன்றில் உன்னுடையது. அந்த இரண்டிலும் அண்ணா என்று எழுதியிருந்தேன். அப்பா சொன்னபடி மரியாதையாகவும் கேட்டிருந்தேன். அதை இந்தக் கடிதத்தில் தேடாதே.

போன சனிக்கிழமை அப்பாவைப் பார்த்தேன், எட்டு மாதத்துக்குப் பிறகு. சிறையில் இல்லை, ஆஸ்பத்திரியில். கட்டிலில் காலைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். இன்னொரு காலில் மருந்துக் கட்டு. சங்கிலி போட்ட காலுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் வலது கையைப் போர்வைக்குள் இழுத்தார், இழுக்க அங்கே ஒன்றும் இல்லை என்பது நினைவில்லாமல். உன்னை விசாரித்தார். “தம்பி டாக்டர் ஆயிருச்சா?” என்றார். ஆகிவிட்டது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதி அனுப்ப வழியில்லை.

நீ டாக்டர். சர்க்கரைக்காரனுக்கு ஒரு கை போய், காலில் புண் வந்து, காய்ச்சலும் விடாமல் அடித்தால் எத்தனை மாதம் என்று என்னைவிட உனக்குத் தெரியும். கோர்ட் வழக்கைத் திரும்ப எடுத்தால் பெயிலில் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்கிறார் லோஷினி. கொலைகாரன் என்ற பெயரோடு அவர் அங்கே சாக வேண்டியதில்லை. நான் கேட்பது அவ்வளவுதான். உன்னை ஜெயிலில் போடுவது என் வேலை இல்லை, அதைச் செய்ய எனக்கு ஆளும் இல்லை, கூரை போட்டுத் தரப் பணமும் இல்லை.

அந்தக் காரை நேற்று தம்போய் சிக்னலில் பார்த்தேன். நீதான் ஓட்டினாய். பஸ் நிறுத்தத்தில் நின்ற என்னை நீ பார்த்தாயா, தெரியவில்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டாய். நல்ல கார். போனதே கேட்கவில்லை.

தை முதல் நாள் காலை அதன் முன் கேமரா பார்த்தது உன் கைப்பேசியில் இருக்கிறது. அழித்திருந்தால் அழித்தேன் என்று எழுது. உன் விரல் இன்னும் உன்னிடம் இருக்கிறது. போன இரண்டு தடவை போலவே என் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன். பதிவைத் தர முடியாது என்றால் ஒரே ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

எங்கள் அம்மா குனிந்தபோது, அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது யார்?

பிரவீனா தங்கராஜு